ஒரு விரற்கடை எஃகு

(பரம்பரைக் கைக்கோடாலியை மறுபடி வேலைக்குக் கொண்டுவருவது பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பழைய வீட்டைப் பிரிக்கும்போதோ சொத்துப் பாகம் நடக்கும்போதோ பரணிலிருந்து ஒரு கோடாலி இறங்கும். துரு அப்பியிருக்கும், காம்பு உளுத்திருக்கும், வாய் மழுங்கியிருக்கும். பழைய இரும்புக்காரருக்கு எடைக்குப் போட மனம் வராமல் யாராவது ஒருவர் அதை எடுத்து வைத்துக்கொள்வார். அவர் நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்து அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் அந்தக் கோடாலியின் விதி இருக்கிறது. பெரும்பாலும் அது பக்கத்து வெல்டிங் கடைக்குப் போகிறது. ஆங்கிள் கிரைண்டரில் சற்று நேரம் பிடித்ததும் துருவெல்லாம் போய்ப் பளபளக்கிறது. கடையில் வாங்கிய காம்பைச் செருகி வார்னிஷ் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் எல்லோரும் கையில் வாங்கிப் பார்த்து மெச்சுகிறார்கள். காய்ந்த வேலங்கட்டையில் முதல் நாலு போடு போட்டதும் வாய் மடிந்துபோகிறது. "அந்தக் காலத்து இரும்பு இவ்வளவுதான்" என்று முடிவு கட்டி, திரும்பவும் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் காலத்து இரும்பின்மேல் பழியில்லை. அதில் இருந்த உயிரைக் கிரைண்டர் எடுத்துவிட்டது. இதை விளக்கத்தான் இன்று வந்திருக்கிறேன். எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டில், அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்தில், வேலி பார்க்கவும் வெள்வேல் கிளை கழிக்கவும் வைத்திருந்த கைக்கோடாலி இப்போது என்னிடம் இருக்கிறது. தலை ஏறக்குறைய 700 கிராம், காம்பு ஒன்றரை அடி. அதை நான் சுவரில் மாட்டி வைக்கவில்லை, தோப்பு வேலைக்கு எடுத்துப் போகிறேன். அதைச் சீர்செய்தபோது படித்ததையும், கொல்லப்பட்டறைகளில் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதையும் உங்களிடம் சொல்கிறேன்.

முதலில் அதன் உடம்பைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர்க்கொல்லர் அடித்த பழைய கோடாலி பலவற்றில் இரும்பு ஒரே தரமாக இருக்காது. தலையும் காம்பு நுழையும் துளையும் மென்மையான இரும்பு. வாய் ஓரத்தில் மட்டும் எஃகுத் துண்டு ஒன்றை வைத்து, நெருப்பிலேயே பற்றவைத்து அடித்திருப்பார்கள். உடம்பு மென்மையாக இருந்தால்தான் அடியின் அதிர்ச்சியைத் தாங்கும். வாய் கடினமாக இருந்தால்தான் கூர் நிற்கும். எஃகு விலை கூடிய பொருளாக இருந்த காலத்தில் இதில் சிக்கனமும் இருந்தது. பிற்காலத்தில் லாரி வில்பட்டையை வெட்டி அந்த இடத்தில் வைத்தார்கள். முழுத் தலையையும் பட்டையிலேயே அடித்தவர்களும் உண்டு. வில்பட்டையில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம் வரை இருக்கும். சாதாரண கட்டுமான இரும்பில் 0.25 சதவீதத்துக்கும் குறைவு, அதை எத்தனை முறை காய்ச்சி நீரில் தோய்த்தாலும் சொல்லத்தக்க கடினம் ஏறாது.

இந்த அறிவு நம் மண்ணில் நேற்று வந்ததில்லை. நொய்யல் கரையில் கொடுமணலில் 1980களில் தொடங்கிய அகழாய்வு, இரும்பு உருக்கிய உலைகளையும் எஃகு செய்த குகைகள் என்னும் மண்கலங்களையும் வெளிக்கொணர்ந்தது. ஆதிச்சநல்லூரிலிருந்து எடுத்த இரும்புக் கருவிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். சிவகளையில் இரும்போடு கிடைத்த மாதிரிகளின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ஆய்வறிக்கை சொல்கிறது. சேலத்துக் கஞ்சமலைத் தாதை மரக்கரியில் உருக்கிய ஊர்கள் 19ஆம் நூற்றாண்டு வரை இருந்தன. சீமை இரும்பு மலிவாக வந்து இறங்கியதும் அந்த உலைகள் அவிந்தன. ஆனால் உருக்குவது நின்ற பிறகும் அடிப்பதும் தோய்ப்பதும் ஊர்ப் பட்டறைகளில் நிற்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணில் கிடப்பது அந்தக் கைத்திறனின் கடைசிக் கண்ணிகளில் ஒன்று. இதை மிகையாகச் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொல்கிறேன்.

இனி, தோய்ச்சல். கோடாலிக்கு உயிர் வருவது இங்கேதான். கொல்லர் வாய்ப்பகுதியை உலையில் வைத்துத் துருத்தி ஊதி, செக்கச்சிவக்கக் காய்ச்சுவார். எஃகு 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அதில் காந்தம் ஒட்டாது. அதற்குச் சற்று மேலே போனதும் கார்பன் இரும்புக்குள் கரைந்துவிடும். அந்த நொடியில் வாயை மட்டும் நீரில் முக்கினால், பிரிந்து வெளியேற நேரமில்லாமல் கார்பன் உள்ளேயே சிறைப்படும். எஃகு கடுங்கடினமாகிவிடும். அதே வேகத்தில் நொறுங்கும் குணமும் வந்துவிடும். அப்படியே விட்டால் முதல் அடியிலேயே வாய் சில்லுச்சில்லாகத் தெறிக்கும். அதனால் அவர் வாயை நீரிலிருந்து எடுத்து, ஒரு கல்லில் விறுவிறுவென்று தேய்த்து வெள்ளை காட்டுவார். பின்னால் தலையில் தங்கியிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி நகரும். வெள்ளை இரும்பின்மேல் நிறங்கள் ஓடி வரும். 220 டிகிரியில் வெளிறிய வைக்கோல் நிறம், 260இல் பழுப்பு, 280இல் கத்தரிப்பூ நிறம், 300 வந்தால் நீலம். கோடாலிக்குப் பழுப்புக்கும் கத்தரிப்பூவுக்கும் நடுவில் நிறுத்த வேண்டும். அந்த நிறம் விளிம்பைத் தொட்டதும் முழுத்தலையையும் நீரில் போட்டுவிடுவார். வெப்பமானி கிடையாது, கடிகாரம் கிடையாது, கண் ஒன்றுதான். வெயிலில் நிறம் சரியாகத் தெரியாது என்பதால்தான் பட்டறை நிழலும் இருட்டுமாக இருக்கிறது.

இப்படிச் சரியான கடினம் ஏறிய பகுதி, வாய் ஓரத்தில் சுமார் ஒரு விரற்கடை அகலம்தான். உங்கள் பாட்டனார் விட்டுப்போனது அதுதான். மற்றதெல்லாம் அதைத் தாங்கும் இரும்பும் கட்டையும்.

இப்போது கிரைண்டருக்கு வருவோம். நாலு அங்குலக் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு அருகில் சுழலும். வாய் விளிம்போ காகிதம்போல மெலிந்தது, சூட்டை வாங்கி உள்ளே கடத்த அதற்குப் பருமன் இல்லை. கண் இமைக்கும் நேரத்தில் நீலம் ஏறிவிடும். நீலம் வந்த இடத்தில் தோய்ச்சல் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதன்பின் உப்புத்தாள் போட்டு நீலத்தை அழித்துவிடுவார்கள். பார்வைக்குக் குறை தெரியாது, வெட்டும்போதுதான் தெரியும். தெருவில் மிதித்துச் சாணை பிடிப்பவரின் சக்கரம் மெதுவானது. அடிக்கடி நீரில் தோய்த்துப் பிடிக்கச் சொன்னால் அதில் ஆபத்து குறைவு. ஆனால் அரமும் கல்லும் உங்கள் கையுமே போதும் என்பேன். கையால் அராவும்போது தோய்ச்சல் கெடுகிற அளவுக்குச் சூடு ஏறவே ஏறாது.

கிரைண்டர் இன்னொன்றையும் அழிக்கிறது. பல கொல்லர்கள் தாங்கள் அடித்த கருவியில் உளியால் சிறு அடையாளம் குத்துவார்கள். எங்கள் அப்பாருவின் கோடாலியில் துருவுக்கு அடியில் மூன்று புள்ளிகளும் ஒரு பிறையும் இருந்தன. அது எந்தப் பட்டறையின் அடையாளம் என்று சொல்ல ஊரில் இன்று ஆள் இல்லை. சக்கரத்தில் கொடுத்திருந்தால் அந்தக் கையெழுத்தும் பொடியாகப் பறந்திருக்கும்.

சீர்செய்யத் தொடங்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். தலையை நன்றாகத் துடைத்து, துளையைச் சுற்றியும் வாயிலும் மண்ணெண்ணெய் தடவிச் சற்று நேரம் விடுங்கள். மண்ணெண்ணெய் கிடைக்காவிட்டால் டீசல் போதும். பிறகு உலரத் துடைத்துவிட்டுச் சாக்பீஸ் தூள் தூவுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் கோடாகத் தெரியும். துளையின் பக்கச்சுவரில் கோடு தெரிந்தால் அந்தக் கோடாலிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள், அதை அன்போடு சுவரில் மாட்டலாம். ஓங்கும்போது தலை பிளந்து பறந்தால் எதிரில் நிற்பவர் உயிருக்கு ஆபத்து. இதில் பாசத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது. அதேபோல் தலையின் பின்புறம் சுத்தியலால் அடிபட்டு, விளிம்புகள் காளான் குடைபோல விரிந்திருந்தால் அந்த விளிம்புகளை அரத்தால் அராவி எடுத்துவிட வேண்டும். அவை தெறித்தால் கண் போய்விடும்.

துருவில் இரண்டு வகை உண்டு. செந்துரு பொடிப்பொடியாக உதிரும், ஈரத்தைப் பிடித்துவைத்து மேலும் தின்னும். அதை எடுக்க வேண்டும். அதற்குக் கீழே இரும்போடு ஒட்டியிருக்கும் கரும்படலம் வேறு. அது இரும்புக்குக் காவல், அதை விட்டுவிட வேண்டும். பழைய இரும்பைக் கண்ணாடிபோல ஆக்க ஆசைப்படுபவர்கள் இந்தக் காவலைத்தான் முதலில் கலைக்கிறார்கள்.

செந்துருவைப் போக்க நம் சமையலறையே போதும். ஊறவைத்த புளியைக் கரைத்துத் தடவி, தேங்காய் நாரால் தேய்த்தால் மெல்லிய துரு கழன்றுவிடும். புளியில் உள்ள டார்டாரிக் அமிலம் அந்த வேலையைச் செய்கிறது. தடித்த துருவுக்கு வினிகரில் ஓர் இரவு போடலாம். காலையில் எடுத்துக் கம்பிப் பிரஷால் தேய்த்து, சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்துக் காயவைக்க வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டைத் தொடவே கூடாது. அது துருவோடு நல்ல இரும்பையும் தின்னும். அந்த வினையில் பிறக்கும் ஹைட்ரஜன், கடினம் ஏறிய எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கச் செய்யும். வாய் பார்க்க நன்றாக இருக்கும், அடித்தால் சில்லு தெறிக்கும்.

குழிகளுக்குள் தங்கும் துருவுக்கு எனக்குப் பிடித்த மருந்து கடுக்காய். தோலை நசுக்கிக் கொதிக்கவைத்து வடித்த நீரைச் சுத்தம் செய்த இரும்பில் பூசுங்கள். கடுக்காயில் டானின் நிறைய உண்டு. அது மிச்சத் துருவோடு கூடிக் கருநீலக் கறுப்பாக மாறி ஒட்டிக்கொள்ளும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து முன்பு மை காய்ச்சியது இந்த வேதியியலைக் கொண்டுதான். அருங்காட்சியகங்களில் இரும்புப் பொருள்களைக் காக்க டானிக் அமிலம் பூசும் முறையும் இதுதான். எழும்பூர் அருங்காட்சியகத்தில், செப்புத் திருமேனிகளைப் பீடிக்கும் பச்சை நோய்க்கு மருந்து தேட 1930இலேயே வேதியியல் ஆய்வகம் தொடங்கினார்கள். பழம்பொருளைப் புதிதாக்குவது அங்கே நோக்கமில்லை, மேலும் அழியாமல் நிறுத்துவதே நோக்கம். வீட்டுக் கோடாலிக்கும் அந்த மரியாதை வேண்டும்.

கூர் வைப்பதற்கு முன் தோய்ச்சல் மிச்சமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல அரம் ஒன்றை எடுத்து வாயில் மெல்ல இழுத்துப் பாருங்கள். கோடாலியைவிட அரம் கடினமானது. ஆகவே அது வாயைச் சிறிதளவு, சிரமப்பட்டுத்தான் கடிக்கும், லேசாக வழுக்குவதும் தெரியும். உடம்பை அராவினால் மென்மையாகச் சீவிக்கொண்டு போகும். இந்த வித்தியாசம் கைக்குத் தெரிந்தால் தோய்ச்சல் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி சீவினால் வாய் இறங்கிவிட்டது. அப்போது அரத்தை வைத்துவிட்டுக் கொல்லரிடம் போக வேண்டும். வேறு யாராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

தோய்ச்சல் இருந்தால், தலையைப் பிடிச்சிராவியில் இறுக்கி, பத்து அங்குல அரத்தால் வேலையைத் தொடங்கலாம். கையில் தோலுறை கட்டாயம். அரத்தின் பற்களில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டால் இரும்புத்தூள் அடைக்காது. மழுங்கிய கோடாலியில் மழுக்கம் விளிம்போடு நிற்பதில்லை, கன்னமே தடித்துப்போயிருக்கும். அதனால் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை பின்னாலிருந்தே மெல்லச் சரித்து இறக்க வேண்டும். மார்க்கர் பேனாவால் கன்னத்தைக் கறுப்பாக்கிக்கொண்டு அராவினால் எந்த இடத்தில் அரம் படுகிறது என்று கண்ணுக்குத் தெரியும். பிறகு கார்போரண்டம் கல்லின் முரட்டுப் பக்கம், அதன்பின் மென்பக்கம், வட்டவட்டமாக. கடைசியில் விளிம்பில் மெல்லிய பிசிறு எழும். அதைப் பழைய தோல் வாரில் இழுத்து விழவைக்க வேண்டும்.

எவ்வளவு கூர் என்பதில் ஒரு முக்கியமான எச்சரிக்கை. இணையத்திலும் வெளிநாட்டுப் புத்தகங்களிலும் வருகிற அளவுகள் சுவீடன், கனடா போன்ற நாடுகளின் மரங்களுக்கானவை. பைனும் பிர்ச்சும் நம் மரங்களைவிட மென்மையானவை, அவற்றுக்கு 25 டிகிரிக் கூர் போதும். நம் வேலம், சீமைக்கருவேலம், புளி, காய்ந்த தென்னை அடிமரம் இவற்றில் அந்த மெல்லிய வாயை அடித்தால் பொரிந்துபோகும். இரு கன்னமும் சேர்ந்து 30 முதல் 35 டிகிரி வரை, லேசான குவிவோடு இருக்கட்டும். சவரம் செய்கிற கூர் வந்தால்தான் கோடாலி என்று காட்டுகிற படங்களை நம்பாதீர்கள். பச்சைக் கிளையில் சாய்வாக ஒரு போடு போட்டால் வெட்டு முகம் வழுவழுப்பாக இருக்க வேண்டும். தோப்பு வேலைக்கு அந்தக் கூர் தாராளம்.

காம்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். கோடாலியைப் பழுதாக்குவதில் கிரைண்டருக்கு அடுத்த இடம் கடைக் காம்புக்குத்தான். மரத்தை எப்படி வேண்டுமானாலும் அறுத்துக் கடைந்து, குறையை வார்னிஷில் மறைத்திருப்பார்கள். அமெரிக்கர்களுக்கு ஹிக்கரி, ஐரோப்பியர்களுக்கு ஆஷ். நமக்கு அவற்றுக்குக் குறையாத மரங்கள் உண்டு. வண்டி அச்சுக்கே எடுத்த வெக்காலி உறுதியில் முதல் தரம். சடச்சி வளைந்து கொடுத்து நிமிரும், அதிர்ச்சியைக் கைக்கு விடாது. கருவேலமும் புளியும் எல்லா ஊரிலும் கிடைக்கும். விடத்தலை சிறுமரம் என்றாலும் கைக்கோடாலி அளவுக்கு அதில் நல்ல கட்டை தேறும். வெக்காலி, சடச்சி போன்ற காட்டு மரங்களை மரக்கடையில்தான் வாங்க வேண்டும். காட்டில் வெட்டுவது குற்றம். எங்கள் பக்கம் வேலிக்காட்டில் கழித்த கருவேலங்கிளையிலேயே காம்பு எடுத்துக்கொள்கிறோம்.

கட்டை எந்த மரம் என்பதைவிட அதன் நரம்பு எப்படி ஓடுகிறது என்பது பெரிது. வெளிநாட்டு நூல்களில், காம்பின் அடிமுனையில் ஆண்டு வளையங்களைப் பார்த்து, அவை வாய்க்கு நேராக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்வார்கள். நம் வெப்பநாட்டு மரங்கள் பலவற்றில் ஆண்டு வளையம் தெளிவாகத் தெரியாது. அதனால் பக்கவாட்டைப் பாருங்கள். நரம்பு காம்பின் ஒரு முனையில் புறப்பட்டு மறு முனை வரை ஓட வேண்டும். நடுவழியில் பக்கவாட்டில் வெளியேறினால், எப்போதோ ஒருநாள் அந்த இடத்தில் முறியும். இதற்கு நிச்சயமான வழி, ரம்பத்தால் அறுக்காமல் கட்டையைப் பிளந்து எடுப்பது. பிளக்கும்போது மரம் தன் நரம்பு வழியாகவே பிரியும், ரம்பம் நரம்பைக் கண்டுகொள்ளாது. முறுக்கு நரம்புள்ள புளி நேராகப் பிளக்காது. அதில் கண்ணால் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பச்சைக் கட்டையில் காம்பு போடாதீர்கள். இரு முனையிலும் மெழுகோ பெயின்டோ பூசி நிழலில் போட்டுவைத்து, ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போகட்டும். காயாத காம்பு எவ்வளவு இறுக்கமாக ஏறினாலும் சித்திரை வெயிலில் சுருங்கி ஆடும். ஆடுகிற கோடாலியை ராத்திரி வாளித் தண்ணீரில் போட்டுவைப்பது நம் ஊர்களில் பழக்கம். காலையில் கெட்டியாக இருக்கும், உண்மைதான். ஆனால் உப்பிய மரம் இரும்புத் துளைக்குள் விரிய இடமில்லாமல் தன் நரம்புகளையே நசுக்கிக்கொள்கிறது. மறுபடி காயும்போது முன்னைவிட அதிகம் சுருங்குகிறது. ஒவ்வொரு முக்கலும் அடுத்த ஆட்டத்தைப் பெரிதாக்கும். அதோடு துளையின் உட்புறம் துரு ஏறி அந்த மரத்தையும் கெடுக்கும்.

காம்பைத் துளைக்குப் பொருத்தும்போது துளையின் உட்சுவரில் விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். காம்பைச் செருகி எடுத்தால் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் சீவ வேண்டும். இதைப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும், அவசரப்பட்டு ஒரேயடியாகச் சீவினால் திருப்பிச் சேர்க்க வழியில்லை. ஏற்றுவதற்குக் கோடாலித் தலையைத் தரையில் வைத்து அடிக்காதீர்கள். தலை கீழே இருக்கும்படி காம்பை ஒரு கையில் தொங்கவிட்டு, காம்பின் மேல்முனையை மரச்சுத்தியால் தட்டுங்கள். தலை தன் கனத்தாலேயே காம்பின்மேல் ஏறிக்கொள்ளும். மறுபுறம் கட்டை அரைச் சென்டிமீட்டர் வெளியே நீட்டி நிற்கட்டும். அதில் முன்பே போட்ட பிளவில் காய்ந்த கட்டை ஆப்பை அடித்து இறக்க வேண்டும். நீட்டிய பகுதி ஆப்பால் விரிந்து, தலை கழலாமல் தடுக்கும். முதலில் மர ஆப்பு, தேவைப்பட்டால்தான் குறுக்கே சிறிய இரும்பு ஆப்பு. ஆணியை ஆப்பாக அடிப்பவர்கள் காம்பைப் பிளக்கிறார்கள்.

வார்னிஷ் பிடியில் வழுக்கும், வியர்வையில் கொப்பளம் எழுப்பும். சுரண்டி எடுத்துவிட்டு ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுவார்களே, அதே எண்ணெய்தான். மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்தபின் மறுபூச்சு. தேங்காய் எண்ணெயும் கடலை எண்ணெயும் மரத்தில் உலர்ந்து இறுகாமல் பிசுபிசுக்கும், அவற்றை இரும்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. உலரும்போது அது வெளியிடும் வெப்பம் சுருட்டிய துணிக்குள் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் நனைத்து அப்புறப்படுத்துங்கள்.

சீர்செய்த கோடாலியை எங்கே கொண்டுபோவது? தோட்டம், தோப்பு, வேலி, சொந்த நிலத்தில் கூடாரம் அடித்துத் தங்கும் இடம். சரணாலயங்களுக்குள் ஆயுதத்தோடு நுழைய 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதி கேட்கிறது. அந்தச் சட்டத்தில் ஆயுதம் என்பதன் வரையறை மிக விரிவானது. காட்டுக்குள் போகிற இளைஞர்கள் கோடாலியை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே விறகு வெட்டவும் நமக்கு உரிமை இல்லை, நெருப்பு மூட்டவும் உரிமை இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீ எத்தனை இளம் உயிர்களைக் கொண்டுபோனது என்பதை இந்த மாநிலம் மறந்துவிடக் கூடாது.

கைக்கோடாலி சிறியது, அதனால் பத்திரமானது என்று நினைப்பது தவறு. நீளக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் தரையில் விழும். குட்டைக் காம்பு குறி தவறினால் அதன் வீச்சு முழங்காலில் முடியும். ஆகவே விறகு பிளக்கும்போது முட்டி போட்டுக்கொள்ளுங்கள், எதிரில் அடிக்கட்டை ஒன்று இருக்கட்டும். கோடாலி கட்டைக்கு அப்பால் போனாலும் மண்ணில்தான் இறங்கும். பிளக்க வேண்டிய துண்டை இடக்கையால் பிடித்துக்கொண்டு ஓங்காதீர்கள். வாயைத் துண்டின்மேல் வைத்து, கட்டையால் முதுகில் தட்டி இறக்குங்கள். பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது முதலில் இதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் எதற்குக் கோடாலி, மோட்டார் ரம்பம் இருக்கிறதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2016 டிசம்பர் 12இல் சென்னையில் வர்தா புயல் அடித்த மறுநாளும், 2018 நவம்பர் 16இல் கஜா புயல் காவிரி டெல்டாவைப் புரட்டிப்போட்ட பிறகும், தெருத்தெருவாக மரங்கள் விழுந்து கிடந்தன. கஜாவுக்குப் பின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது வாசல் மரத்தையும் சந்து மரத்தையும் அகற்றி வழி திறந்தது ஊர்க்காரர்களின் அரிவாளும் கோடாலியும்தான். பெட்ரோல் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், உதிரிப்பாகம் வேண்டாம். கடற்கரை மாவட்டத்தில் வாழ்கிற ஒவ்வொரு குடும்பத்திலும் கூர் வைத்த ஒரு கோடாலி இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலை முடிந்ததும் துடைத்து, வாயில் துளி எண்ணெய் தடவி வையுங்கள். கடற்காற்று அடிக்கும் ஊர்களில் இது தினசரிக் கடமை. கோடாலிக்குத் தோலுறை போடுவது எடுத்துப் போகும்போது மட்டும்தான். அதற்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்தால் தோல் ஈரம் பிடித்து இரும்பைத் துருவேற்றும். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம், நல்ல வழக்கம். மறுநாள் அந்த ஈரத்தைத் துடைத்து எண்ணெய் இடுவதையும் பூஜையின் பகுதியாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள். தோய்ச்சல் இறங்கிய கோடாலிக்கு உயிர் கொடுக்கக் கொல்லரால் மட்டுமே முடியும் என்றேன். ஊருக்கு ஊர் இருந்த பட்டறைகள் இன்று அருகிவிட்டன. திருப்பாச்சேத்தி போன்று இரும்பு வேலைக்குப் பெயர்பெற்ற ஊர்களில் உலை இன்னும் எரிகிறது. மற்ற ஊர்களில் வயதான ஒருவர் மட்டும் துருத்தியோடு இருப்பார், அவர் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். உங்கள் வீட்டில் பழைய கோடாலி இருந்தால் அதை அவரிடம் எடுத்துப் போங்கள். அவர் எந்த நிறத்தில் நிறுத்துகிறார் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள், எழுதி வையுங்கள், அவர் அனுமதித்தால் படம் பிடித்து வையுங்கள். அவர் கேட்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள்.